‘கவனக்குறைவு’ என்று எழுதும் கை

எங்கள் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டார்கள். ஸ்டோர். ‘ஸ்டோருக்கு வேலைக்குப் போறார்’ என்றால் மழையில் நனையாத வேலை, அட்டைக் கடி இல்லாத வேலை என்று பொருள். மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் ஸ்டோர்க்காரர்களைக் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்ப்பார்கள். எங்கள் லயத்தின் கடைசிக் காம்பிராவில் இருந்த மாமா இருபது வருடத்துக்கு மேல் ரோலர் அறையில் வேலை செய்தவர். நான் பத்தாம் வகுப்புப் படித்த வருடம், சித்திரை மாதத்து இரவு வேலையில், அவருடைய வலது கை முழங்கைக்கு மேல் வரை கன்வேயருக்குள் போய்விட்டது.

நடந்தது இவ்வளவுதான். அரைபட்ட கொழுந்தை ரோலரிலிருந்து சலிக்கும் மெசினுக்கு ஏற்றிக்கொண்டு போகும் பெல்ட் அது. அரைபட்ட கொழுந்தின் சாறு பிசின் மாதிரி ஒட்டும். பெல்ட் திரும்பும் கடைசி உருளையில் அது படையாகப் படிந்தால் பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடத் தொடங்கும். அதைச் சுரண்டிவிட ஒரு மரச் சட்டம் வைத்திருந்தார்கள். பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுரண்டுவதுதான் அங்கே வழக்கம். மாமாவுக்கு முன்பிருந்தவரும் அப்படித்தான் சுரண்டினார், மாமாவுக்கு அந்த வேலையைப் பழக்கியவரும் அவர்தான். அன்றைக்குச் சட்டத்தின் முனை உருளைக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் சிக்கியது. கையிலிருப்பதை எதுவாவது வெடுக்கென்று இழுத்தால் கை இன்னும் இறுக்கிப் பிடிக்கும், அது உடம்பின் இயல்பு. சட்டத்தோடு கையும் போனது. சுவிட்ச் பலகையோ அறையின் மறுகோடியில், மாடிப்படிக்குப் பக்கத்தில். ஒரு பையன் ஓடிப்போய் நிறுத்தினான். அவன் கால் தடுக்கி விழுந்திருந்தால் மாமாவை நாங்கள் பிரேதமாகத்தான் லயத்துக்குக் கொண்டு வந்திருப்போம்.

விபத்து அறிக்கையில் காரணம் எழுதும் கட்டத்துக்குள் ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் போட்டிருந்தார்கள். தமிழில் சொன்னால்: கவனக்குறைவு.

அந்த ஒரு சொல்லை மறுக்கத்தான் இதை எழுதுகிறேன். அது ஒரு முகாமையாளர் அவசரத்தில் எழுதிய சொல் என்றால் விட்டுவிடலாம். ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை எந்த ஸ்டோரில் யார் கை போனாலும், யார் உயிர் போனாலும், நிர்வாகம் சொல்வது அது; பத்திரிகைச் செய்தியின் கடைசி வரியில் வருவது அது; சில தொழிற்சங்கத் தலைவர்கள் இழவு வீட்டில் தலையை ஆட்டிக்கொண்டு சொல்வதும் அது. எல்லாவற்றையும் விட எனக்கு வலிப்பது, நம் சனமே அதை நம்புவது. ‘கொஞ்சம் பார்த்து வேலை செஞ்சிருக்கலாம்’ என்று மாமாவின் மனைவியே சொல்லிச் சொல்லி அழுதார். கையை இழந்த மாமாவும் சாகும் வரை அப்படித்தான் நம்பினார்.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். கண் ஒன்றைப் பார்த்து, மூளை அதைப் புரிந்து, கை அசையத் தொடங்குவதற்கு ஏறத்தாழ கால் விநாடி பிடிக்கும். இது நன்றாகத் தூங்கி எழுந்து, இப்போது ஏதோ நடக்கப் போகிறது என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கு உள்ள கணக்கு. ஸ்டோரில் ஓடும் பெல்ட்டுகளில் மெதுவானது ஒன்றை எடுத்துக்கொள்வோம், விநாடிக்கு அரை மீட்டர் வேகம். கால் விநாடியில் அது 12 சென்ரிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். உங்கள் நடுவிரலின் நுனியிலிருந்து உள்ளங்கை நடு வரை அளந்து பாருங்கள். விரல் சிக்கியது என்று மூளைக்குத் தெரிவதற்குள் விரல்கள் இல்லை. பழைய ஸ்டோர்களில் கூரைக்குக் கீழே ஒரு நீண்ட இரும்புத் தண்டு சுழல, அதிலிருந்து ஒவ்வொரு மெசினுக்கும் தட்டைப் பெல்ட் இறங்குமே, அதன் கணக்கு இன்னும் கொடியது. இரண்டடி விட்டமுள்ள கப்பி நிமிடத்துக்கு 200 சுற்றுச் சுற்றினால் பெல்ட் விநாடிக்கு 6 மீட்டருக்கு மேல் ஓடும். கால் விநாடியில் ஒன்றரை மீட்டர். ஒரு ஆளின் கை முழுவதும், தோள் வரை, அதற்குள் அடக்கம்.

ஆகவே அந்த இடுக்கில் கவனத்துக்கு இடமே இல்லை. உலகத்திலேயே மிகக் கவனமான மனிதரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் சிக்கிய பிறகு அவரால் எதுவும் செய்ய முடியாது. சிக்காமல் இருக்க வேண்டும் என்றால், பத்து மணி நேர இரவு வேலையில், ஒரு நொடியும் தவறாமல், வருடம் முழுக்க, இருபது வருடம், கவனம் கலையாமல் இருக்க வேண்டும். அப்படி ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. கவனம் கலைவது மனிதர் மூச்சு விடுவது மாதிரி. அதைக் காரணம் என்று எழுதுவது, கூரை இடிந்து செத்தவரைப் பற்றி ‘கூரையின் கீழ் நின்றதால் இறந்தார்’ என்று எழுதுவதற்குச் சமம்.

இந்தச் சொல்லுக்கு எங்கிருந்து இவ்வளவு பலம் வந்தது என்று தேடிப் பார்த்தால், அதற்குச் சான்றிதழாக ஒரு எண் இருக்கிறது. 1931இல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் ஹைன்ரிச் என்ற காப்புறுதிக் கம்பனி அதிகாரி, தொழிற்சாலை விபத்துத் தடுப்புப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 75,000 விபத்துப் பதிவுகளைப் பார்த்ததாகவும், அவற்றில் 88 வீதம் தொழிலாளரின் பாதுகாப்பற்ற செயலால் நடந்தவை என்றும், 10 வீதம் மட்டுமே இயந்திரம், இடம் போன்றவற்றின் குறையால் நடந்தவை என்றும், மிச்சம் 2 வீதம் தடுக்க முடியாதவை என்றும் அதில் சொன்னார். இன்றைக்கு வரை பாதுகாப்பு வகுப்பு எடுக்க வருகிறவர்கள் கரும்பலகையில் எழுதும் எண் அதுதான். அந்தப் பதிவுகள் யார் கையால் எழுதப்பட்டவை? காப்புறுதிக் கோப்புகளும், தொழிற்சாலை உரிமையாளர்கள் வைத்திருந்த புத்தகங்களும். பதிவை எழுதியது மேற்பார்வையாளரின் கை. கை இழந்தவரின் கை அல்ல. ‘என் தொழிற்சாலையில் காப்புத் தகடு இல்லாததால் ஒரு ஆள் செத்தான்’ என்று தன் கையாலேயே எழுதி வைக்கும் மேற்பார்வையாளரை எந்த நாட்டில் பார்த்தீர்கள்? மூலக் கோப்புகளும் பிற்காலத்து ஆய்வாளர்கள் தேடியபோது கிடைக்கவில்லை. ஹைன்ரிச்சும் இயந்திரங்களுக்குக் காப்பு வேண்டும் என்று விரிவாக எழுதியவர்தான். உலகம் அதை விட்டுவிட்டு 88 என்ற எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டது.

நம் தோட்டங்களில் அந்த அறிக்கை எழுதும் கைக்கும் அறிக்கையில் எழுதப்படும் உடலுக்கும் நடுவில் இன்னும் பெரிய தூரம் இருந்தது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட சனம் நாங்கள். கூலிக்காரன் என்ற சொல்லுக்குள் சோம்பேறி, மந்தம், சொன்னதைக் கேளாதவன் என்ற பொருளெல்லாம் துரைமார் காலத்திலிருந்தே அடைக்கப்பட்டுக் கிடந்தது. ஆளைப் பார்த்ததும் காரணம் தயாராக இருக்கும். மெசினைப் போய்ப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

மெசினோ கப்பலில் வந்தது. கெயின்ஸ்பரோவின் மார்ஷல் கம்பனி செய்த ஜாக்சன் ரோலர்களும், பெல்பாஸ்டிலிருந்து டேவிட்சனின் சிரோக்கோ அடுப்புகளும் ஏறிவந்த மலைகள் இவை. கண்டிக்கு மேலே ஹந்தானையில், 1925இல் கட்டிய பழைய ஸ்டோரைத் தேயிலை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து இயந்திரங்களை அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம். மெசினோடு கூடவே ‘கவனக்குறைவு’ என்ற வாதமும் அதே நாட்டிலிருந்து ஏறுமதியாகித்தான் வந்தது என்பதைப் பலர் அறிய மாட்டார்கள். பிரித்தானியாவில் 1844இன் தொழிற்சாலைச் சட்டம் சுழலும் தண்டுகளுக்கும் பற்சக்கரங்களுக்கும் வேலி போட வேண்டும் என்றது. பஞ்சாலை முதலாளிகள் உயரத்தில் இருக்கும் தண்டுகளுக்கு வேலி போடாமல் இழுத்தடித்தார்கள். பரிசோதகர்கள் கண்டிப்புக் காட்டியதும், 1855இல் தங்களுக்கென்று ஒரு சங்கமே அமைத்துக்கொண்டார்கள். ஹரியட் மார்ட்டினோ என்ற பேர்பெற்ற எழுத்தாளர் அவர்களுக்காக ஒரு சிறு நூல் எழுதிக் கொடுத்தார்: விபத்துகள் மிகக் குறைவு, நடந்தவையும் தொழிலாளரின் அசட்டையால் நடந்தவை, அரசாங்கம் தலையிடக் கூடாது. எதிர்ப்பக்கத்தில் நின்றவர் சார்ள்ஸ் டிக்கன்ஸ்; தண்டில் துணி சிக்கிச் சுழற்றியடிக்கப்பட்டுச் செத்தவர்களின் கதைகளைத் தன் வார இதழில் விடாமல் வெளியிட்டார். வென்றது முதலாளிகள். 1856இல் அந்தச் சட்டம் தளர்த்தப்பட்டது.

நூற்றெழுபது வருடமாகிறது. இன்று ஒரு தோட்ட நிர்வாகியிடம் போய்க் கேட்டால் அதே மாதிரி விடைகள்தான் வரும்.

விபத்துகள் குறைவு என்கிறார்கள். ஸ்டோரில் விரல் போனவர்களை எண்ணுங்கள். எந்தத் தோட்டத்திலும் ஒரு லயத்துக்குள் போய்க் கேட்டாலே ஒருவரைக் காட்டுவார்கள். விரல் போனதும் உயிர் போவதும் இரண்டு விதமான விபத்து அல்ல. ஒரே இடுக்கு, ஒரே பெல்ட். சட்டைக் கை கிழிந்து கொடுத்ததா கொடுக்கவில்லையா, சுவிட்ச்சுக்கு ஓடியவர் எவ்வளவு தூரம் ஓட வேண்டியிருந்தது என்பதில்தான் வேறுபாடு. குளிருக்குக் கம்பளிச் சட்டையும் கழுத்தில் துண்டுமாக நிற்கும் இரவு வேலைக்காரருக்குச் சட்டை கிழிந்து கொடுக்காது.

உடனே உடையின் மீது பாய்வார்கள். சல்லடை அறையில் வேலை செய்யும் பெண்ணின் முந்தானை, தலைமுடி, ஆண்களின் துண்டு. இவற்றையெல்லாம் இறுக்கிக் கட்டத்தான் வேண்டும், நானும் அதைச் சொல்வேன். ஆனால் ஒரு பெண் நடந்துபோகும் வழியில் அவள் முந்தானை எட்டும் தூரத்தில் ஒரு தண்டு திறந்தபடி சுழல்கிறதென்றால், தவறான இடத்தில் இருப்பது அந்தத் தண்டுதான். சுற்றுலாப் பயணிகள் தேயிலை பார்க்க வந்தால் மஞ்சள் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே நிற்கச் சொல்கிறோம். ஒரு மணி நேரம் நிற்பவருக்கு இவ்வளவு கரிசனை இருக்கும்போது, ஒவ்வொரு நாளும் கோட்டுக்குள்ளே நிற்பவருக்கு ஒரு தகடு போட முடியாதா?

‘தகடு போட்டோம், அவங்களே கழற்றிப் போட்டுடுறாங்க’ என்பது இன்னொன்று. இது பொய் அல்ல. நானே பார்த்திருக்கிறேன், கழற்றிய தகடு சுவரோரம் சாத்தி வைக்கப்பட்டுத் துருப்பிடித்துக் கிடப்பதை. ஏன் கழற்றுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எட்டு போல்ட் போட்டு முடுக்கிய தகடு. ஸ்பேனர் பிட்டரிடம். பிட்டர் இரவில் இல்லை. உருளையில் பிசின் படிந்தால் பெல்ட் ஒதுங்கும். பெல்ட் ஒதுங்கினால் கொழுந்து தரையில் கொட்டும். கொட்டினால் டீமேக்கர் ஐயா கத்துவார். தேயிலை காத்திருக்காத பொருள். வாடிய கொழுந்து அரைபட்ட நிமிடத்திலிருந்து புளிக்கத் தொடங்கிவிடும். அடுப்புக்குப் போக வேண்டிய நேரம் தவறினால் அந்தத் தொகுதியே கெட்டுப் போகும். சித்திரை, வைகாசியில் கொழுந்து வெள்ளமாக வந்து மேல்மாடியில் வாட்டும் தொட்டிகள் நிறைந்து நிற்கும்போது மெசினை நிறுத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த நெருக்கடிக்கு நடுவில் வேலையைச் செய்ய விடாத ஒரு தகட்டை எந்த மனிதரும் கழற்றத்தான் செய்வார். கீல் வைத்துத் திறக்கும்படி செய்து, திறந்தவுடன் மோட்டார் தானாக நின்றுவிடும் சுவிட்ச் ஒன்றையும் வைத்துவிட்டால் கழற்றத் தேவையே வராது. உருளையைச் சுரண்டும் சட்டத்தைக் கையில் கொடுக்காமல் பெல்ட்டோடு நிரந்தரமாகப் பொருத்திவிட்டால், சுரண்ட ஆளே போக வேண்டியதில்லை.

சுரங்கக்காரர்கள் இந்தப் பாடத்தை மிகப் பெரிய விலை கொடுத்துப் படித்தவர்கள். நெய்வேலியில் நிலக்கரி தோண்டும் சுரங்கத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கிலோமீட்டர் கணக்கில் நீளும் பெல்ட்டுகள். சுரங்கப் பெல்ட்டில் ஆள் சாகும் விதத்தைக் கேட்டால் மாமாவின் கதையையே திரும்பக் கேட்பது போல இருக்கும்: ஓடும் பெல்ட்டின் கடைசி உருளைக்கடியில் சிந்தியதை வாரப் போனவர், படிந்ததைச் சுரண்டப் போனவர். அதனால்தான் அங்கே பெல்ட்டின் நீளம் முழுவதும் பக்கவாட்டில் ஒரு கயிறு ஓடும். எந்த இடத்தில் நிற்பவரும் கையை நீட்டி இழுத்தால் பெல்ட் நின்றுவிடும். ஒரு பையன் மாடிப்படி வரை ஓட வேண்டியதில்லை. 1950 செப்டெம்பர் 26இல் இங்கிலாந்தின் டார்பிஷயரில், கிரெஸ்வெல் சுரங்கத்தில் கிழிந்துபோன ரப்பர் பெல்ட் ஒன்று சிக்கி உரசித் தீப்பிடித்தது. 80 பேர் புகையில் செத்தார்கள். அதன்பிறகு சுரங்கங்களுக்குள் தீப்பிடித்துப் பரவாத பெல்ட் வந்தது. ‘கவனமாக இருங்கள்’ என்று சுரங்கத் தொழிலாளர்களுக்குச் சொல்லிவிட்டு அதே ரப்பரை மறுபடி போட்டிருந்தால் எத்தனை கிரெஸ்வெல் நடந்திருக்கும்!

நம் நாட்டுச் சட்டமும் என் பக்கம்தான் நிற்கிறது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஆபத்தான இயந்திரப் பகுதிகளுக்கு வேலி போடும் கடமையைத் தொழிற்சாலையை வைத்திருப்பவர் மீது சுமத்துகிறது, ‘தொழிலாளி கவனமாக இருந்தால் வேலி தேவையில்லை’ என்று எந்த விலக்கும் கொடுக்கவில்லை. அந்தச் சட்டத்துக்கு மூலமான பிரித்தானிய மரபில் நீதிமன்றங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. 1945இல் ஸ்கொட்லாந்து நீதிமன்றம் நோர்த் பிரிட்டிஷ் ரப்பர் கம்பனி வழக்கில், விழிப்பாக இருப்பவரை மட்டும் நினைத்து மெசின் வைக்கக் கூடாது, மறதிக்காரரையும் கவனம் கலைந்தவரையும் எதிர்பார்த்தே வேலி போட வேண்டும் என்று முடிவு செய்தது. கவனக்குறைவு என்பது முதலாளியைக் காப்பாற்றும் வாதம் அல்ல. அவர் ஏன் வேலி போட வேண்டும் என்பதற்கான காரணமே அதுதான். 1934இன் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும் யார் தவறு என்று கேட்டு நட்டஈடு கொடுக்கும் சட்டம் அல்ல. கவனக்குறைவு என்று எழுதிவிட்டதால் பணம் கிடைக்காது என்று நம்பி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன குடும்பங்கள் தோட்டங்களில் எத்தனை! 2022இன் திருத்தம் உச்ச நட்டஈட்டை 550,000 ரூபாயிலிருந்து 20 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு, தொழில் திணைக்களத்தில் கேட்டு வாங்குங்கள்.

அதே 2022ஐப் பற்றி இன்னொன்று. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்ட நாட்கள் அவை. கரண்ட் போன நேரம்தான் மெசினைச் சுத்தம் செய்ய வாய்த்த நேரம். பெல்ட்டுக்கடியில் தலையை விட்டு ஒருவர் சுரண்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் வந்தால்? சுவிட்ச்சை இறக்கி வைக்க மறந்திருந்தால், பழைய வகைச் சுவிட்ச் என்றால், மெசின் தானாக ஓடத் தொடங்கிவிடும். மின்சாரம் போய் வந்தால் யாராவது மறுபடி பொத்தானை அமுக்கினால் ஒழிய மோட்டார் ஓடாதபடி செய்யும் ஸ்டார்ட்டர் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது. அதோடு, மெசினுக்குள் கை விடும் ஒவ்வொருவருக்கும் ஒரு சொந்தப் பூட்டு. சுவிட்ச்சைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே போவார். அவர் வெளியே வந்து திறக்கும் வரை துரை வந்தாலும் மெசினைப் போட முடியாது. அமெரிக்காவில் 1989இல் இதைக் கட்டாய விதியாக்கியபோது, வருடத்துக்கு 120 பேர் சாகாமல் தடுக்கலாம் என்று அரசாங்கமே கணக்குச் சொன்னது. பூட்டும் சாவியும்தான் கேட்கிறேன்.

கடைசியில் வரும் வாதம் காசு. தேயிலைத் தொழில் நட்டத்தில் இருக்கிறது, சம்பளமே கொடுக்க முடியவில்லை. மாமாவுக்குக் கை போன பத்தாம் நாள் நான் ஸ்டோருக்குப் போனேன், அவருடைய சாப்பாட்டுக் கேரியரை எடுத்து வர. அந்தக் கடைசி உருளையைச் சுற்றிப் புதிதாக ஒரு கூண்டு இருந்தது. பிட்டர் செய்தது. கிழிந்த எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றை வெட்டித் தட்டி விரித்து, இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் வைத்து முடுக்கியிருந்தார். வெளிப்பக்கத்தில் பீப்பாயின் நீலச் சாயமும் பாதி எழுத்துகளும் அப்படியே இருந்தன. எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்டேன். ‘அரை நாள் கூட இல்ல தம்பி’ என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

கவனக்குறைவுதான் காரணம் என்று எழுதியவர்கள், மருந்தாக எதற்குப் பீப்பாயை வெட்டினார்கள்? எழுதிய காரணத்தை அவர்களே நம்பவில்லை. நம்பியிருந்தால் மற்ற ஸ்டோர்க்காரர்களைக் கூப்பிட்டுக் கவனமாக இருக்கச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அரை நாள் வேலையும் ஒரு ஓட்டைப் பீப்பாயும் இருபது வருடமாக அந்த ஸ்டோருக்கு வெளியே, மழையில் நனைந்துகொண்டு காத்திருந்தன.

சம்பளத்துக்காக நம் சங்கங்கள் எத்தனையோ முறை வேலைநிறுத்தம் செய்திருக்கின்றன, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு உருளையின் கூண்டுக்காக ஒரு மணி நேரம் ஸ்டோரை நிறுத்திய சங்கத்தை எனக்குத் தெரியாது. இந்த மாதம் தோட்டத் தலைவர்மார் டீமேக்கரிடம் போய் விபத்துப் புத்தகத்தைக் கேளுங்கள். காரணம் எழுதும் கட்டத்தில் அந்தச் சொல் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். அப்புறம் அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு, அதே இடத்தில் மூன்று கேள்விகளைத் தமிழிலும் சிங்களத்திலும் போடச் சொல்லுங்கள்: இடுக்கு மூடியிருந்ததா, பெல்ட் நிறுத்தப்பட்டிருந்ததா, நின்ற இடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில் சுவிட்ச் இருந்ததா. விடையை எழுதும்போது, அடிபட்டவரும் அவர் பக்கத்தில் நின்று வேலை செய்தவரும் அந்த மேசைக்கு முன்னால் இருக்க வேண்டும்.